அரிக்கேன் விளக்கு

என் பாட்டியின் வீட்டுச் சமையலறையில் ஓர் அரிக்கேன் விளக்கு உண்டு. வீட்டுக்கு மின்சாரம் வந்து பல வருஷங்கள் ஆகியும் பாட்டி அதைப் பரணில் தூக்கிப் போடவில்லை. உத்தரத்தில் ஒரு கொக்கியில் அது தொங்கிக்கொண்டே இருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் பாட்டி அதைக் கீழே இறக்குவாள். அடுப்புச் சாம்பலைத் தொட்டுச் சிம்னியைப் பளபளவென்று துடைப்பாள். திரியின் கருகிய நுனியைக் கத்தரியால் சீராக நறுக்குவாள். மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கொக்கியில் மாட்டுவாள்.

"எதுக்குப் பாட்டி இதெல்லாம்? சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியுதே!" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சுவிட்சு நம்ம கையிலே இருக்குடா. கரண்டு நம்ம கையிலேயா இருக்கு?" என்றாள் பாட்டி.

அவள் சொன்னதன் பொருள் 1977-ஆம் வருஷம் நவம்பர் 12-ஆம் தேதி எனக்கு விளங்கியது. அன்று விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கு அருகே கரையேறிய புயலை அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. எங்கள் கிராமத்தில் மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்துவிட்டன. இரவு வந்ததும் தெருவே மையில் முக்கியெடுத்தாற்போல் ஆயிற்று. பாட்டி விளக்கை ஏற்றினாள். ஏற்றியவள் கூடத்தில் வைக்கவில்லை. வெளியே எடுத்துப்போய்த் திண்ணைத் தூணில் மாட்டினாள். "உள்ளே நாம் இருட்டிலே தடுமாறுகிறோம், திண்ணைக்கு எதற்கு வெளிச்சம்?" என்று தாத்தா கோபித்துக்கொண்டார். பாட்டி பதில் சொல்லவில்லை. சற்று நேரத்தில் எதிர்வீட்டுக்காரி கைக்குழந்தையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். பிறகு இரண்டு கிழவர்கள் வந்தார்கள். கூரை பறந்துபோன குடும்பம் ஒன்று வந்தது. அன்று இரவு எங்கள் திண்ணையில் பதினைந்து பேராவது படுத்திருப்பார்கள்.

எனக்கு அப்போது வயது ஒன்பது. அந்த விளக்கின் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிற வயதல்ல. வெகு காலம் கழித்து ஓர் அகராதியைப் புரட்டும்போதுதான் அது தெரிந்தது. தெரிந்தபோது சிறிது திடுக்கிட்டேன்.

'ஹரிக்கேன்' என்று ஆங்கிலேயர் சொன்னதைத்தான் நாம் 'அரிக்கேன்' ஆக்கிக்கொண்டோம். புயலிலும் அணையாத விளக்கு என்பது பொருள். ஆனால், ஆங்கிலேயருக்கும் அது சொந்தச் சொல் அல்ல, ஸ்பானியரிடமிருந்து வாங்கியது. ஸ்பானியர் அதைக் கரீபியன் கடல் தீவுகளில் வாழ்ந்த தைனோ என்ற பழங்குடி மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். தோணியைக் குறிக்கும் 'கனோ', தொங்கு படுக்கையைக் குறிக்கும் 'ஹாமக்' ஆகிய சொற்களும் அந்த மக்கள் உலகத்துக்குக் கொடுத்தவையே. சொற்கள் பிழைத்துக்கொண்டன. சொற்களைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்நியர் கொண்டுவந்த நோய்க்கும் அடிமை வேலைக்கும் பலியானார்கள்.

தைனோ மக்கள் வாழ்ந்த தீவுகளில் ஒன்று போர்ட்டோ ரிக்கோ. 1493-இல் கொலம்பஸ் தமது இரண்டாவது பயணத்தில் அங்கே வந்து இறங்கினார். நானூறு ஆண்டுகள் ஸ்பெயினின் கையில் இருந்த அந்தத் தீவு, 1898-ஆம் ஆண்டு யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவின் வசமாயிற்று. கிழக்கு மேற்காக நூறு மைல், வடக்கு தெற்காக முப்பத்தைந்து மைல். நடுவில் முதுகெலும்பைப் போல ஒரு மலைத்தொடர். புயலுக்கு உலகம் வழங்கும் பெயர் பிறந்த அந்தப் பிரதேசத்தில்தான், புயலுக்குப் பிந்திய இருட்டு என்றால் என்ன என்பதை நம் காலத்து மனிதர்கள் மறுபடியும் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி காலை, மரியா என்ற புயல் தீவின் தென்கிழக்கு மூலையில் உள்ள யாபுகோவா என்னும் ஊருக்கருகில் கரையேறிற்று. காற்றின் வேகம் மணிக்கு 155 மைல், அதாவது சுமார் 250 கிலோமீட்டர். தென்கிழக்கில் புகுந்த புயல் தீவைக் குறுக்காக உழுதுகொண்டு வடமேற்கில் வெளியேறியது. அது போனபின் தீவு முழுவதிலும், ஏறக்குறைய 33 லட்சம் பேருக்கு, மின்சாரம் இல்லை.

ஒரு தீவு முழுவதும் ஒரே நாளில் எப்படி இருண்டுபோகும்? அதற்கான காரணம் புயலுக்கு வெகு காலம் முன்பே தயாராகிவிட்டது. மின்சாரம் தயாரிக்கும் பெரிய நிலையங்களில் பெரும்பாலானவை தெற்குக் கரையில் இருந்தன. மின்சாரத்தைச் செலவிடும் ஜனங்களில் பெரும்பாலோர் தலைநகரான ஸான் ஹுவானைச் சுற்றி வடக்குக் கரையில் இருந்தார்கள். இடையில் மலை. மலைமேல் ஏறி இறங்கிய கம்பிகளைத்தான் தீவு நம்பியிருந்தது. அந்தக் கம்பிகளுக்குச் சொந்தமான சர்க்கார் மின்சாரக் கழகமோ, சுமார் 900 கோடி டாலர் கடனில் மூழ்கி, புயலுக்கு இரண்டு மாதம் முன்புதான் நீதிமன்றத்தில் திவால் மனுக் கொடுத்திருந்தது. கம்பத்தை மாற்றவும் கம்பியை ஒட்டி வளர்ந்த கிளையை வெட்டவும் பணம் இல்லாத நிலைமை. மரியா வந்து ஊதிற்று, எல்லாம் சாய்ந்தது.

கடைசி வீடுகளுக்கு மறுபடி மின்சாரம் வந்து சேர ஏறக்குறைய பதினொரு மாதங்கள் ஆயின. வாசகர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். பதினொரு மாதம் என்பது ஒரு குழந்தை கருவாகி, பிறந்து, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிற காலம்.

புயலில் இறந்தவர்கள் 64 பேர் என்று சர்க்கார் கணக்கு வெகு நாட்கள் சொல்லிக்கொண்டிருந்தது. ஜனங்கள் அதை நம்பவில்லை. ஒவ்வொரு ஊரிலும் அவர்கள் கண்முன்னே பிணங்கள் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், 2017 செப்டம்பரிலிருந்து அடுத்த பிப்ரவரி வரை வழக்கத்துக்கு மேல் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டார்கள். விடை 2,975. தீவின் சர்க்காரும் 2018 ஆகஸ்டில் அந்த எண்ணையே ஒப்புக்கொண்டது. 64 எங்கே, 2,975 எங்கே! இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறவர்களில் மிகப் பலர் காற்றினாலோ வெள்ளத்தாலோ சாகவில்லை. மூச்சுக் கருவி ஓடாமல், இன்சுலின் மருந்தைக் குளிரில் வைக்க முடியாமல், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போக வழியில்லாமல், உதவி கேட்கத் தொலைபேசி இல்லாமல் தவித்த நோயாளிகளும் முதியவர்களும் அவர்களில் அடக்கம். புயல் ஒரு நாளில் போய்விட்டது. இருட்டு போகவில்லை.

அந்த இருட்டில் ஒரு வீட்டில் வெளிச்சம் இருந்தது.

தீவின் நடு மலையில் அட்ஹுந்தாஸ் என்று ஒரு சிற்றூர். காப்பித் தோட்டங்கள் நிறைந்த இடம். அங்கே இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய பழைய வீடு ஒன்றுக்குக் 'காசா புவேப்லோ' என்று பெயர். 'மக்கள் வீடு' என்று தமிழில் சொல்லலாம். மலையை வெட்டிச் செம்பும் தங்கமும் எடுக்கும் திட்டம் ஒன்று வந்தபோது, அதை எதிர்க்க 1980-இல் அலெக்ஸிஸ் மஸ்ஸோல் கொன்ஸாலெஸ் என்ற பொறியியலாளரும் அவர் மனைவி டிந்தி தேயாவும் ஊர்க்காரர்களைச் சேர்த்துத் தொடங்கிய சங்கம் அது. பதினைந்து வருஷம் போராடிச் சுரங்கத்தை நிறுத்தினார்கள். சுரங்கம் வரவிருந்த இடத்தில் காடு வளர்த்தார்கள். யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று காப்பிக்கொட்டை வறுத்து விற்றுச் சங்கத்தை நடத்தினார்கள். 1999-இல் அந்த வீட்டின் கூரைமேல் சோலார் தகடுகளைப் பதித்து, பாட்டரிகளையும் வைத்தார்கள்.

மரியா போன மறுநாளும் அந்தத் தகடுகள் வேலை செய்தன. செய்தி பரவிற்று. கைப்பேசிக்கு உயிரூட்ட வந்தார்கள் சிலர். மூச்சுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் சிலர். 'வெளியுலகில் என்ன நடக்கிறது?' என்று கேட்க வந்தார்கள் பலர். வெளியூர்களில் இருந்த நண்பர்கள் சூரிய ஒளியில் சக்தி ஏற்றிக்கொள்ளும் சிறு கைவிளக்குகளை அனுப்பினார்கள். சங்கத்தார் மலைப்பாதைகளில் நடந்துபோய் அப்படிப்பட்ட விளக்குகள் பதினாலாயிரத்தை வீடு வீடாகக் கொடுத்தார்கள். பிறகு, மருந்தைக் குளிரில் வைத்தே ஆகவேண்டிய நோயாளிகளின் வீடுகளுக்குத் தகட்டோடு சிறு குளிர்பெட்டிகளும் போயின.

இந்தத் தகடு எங்கே பிறந்தது என்று தேடிப் போனால், அங்கேயும் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் சில பொருள்களில் மின்சாரம் உண்டாகும் என்பதை 1839-இலேயே பிரெஞ்சு விஞ்ஞானி எட்மண்ட் பெக்கெரல் கண்டார். 1883-இல் சார்லஸ் ஃப்ரிட்ஸ் என்ற அமெரிக்கர் செலினியம் என்ற பொருளில் தகடு செய்தார். அது விளையாட்டுக்குத்தான் ஆகும். விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அதனால் மின்சாரமாக்க முடியவில்லை.

1950-க்குப் பின் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆராய்ச்சிசாலையில் டாரில் சாப்பின் என்பவருக்கு ஒரு சில்லறைச் சங்கடத்தைத் தீர்க்கும் வேலை கொடுக்கப்பட்டது. உஷ்ணமும் ஈரமும் மிகுந்த தேசங்களில், ஊருக்கு வெகு தூரத்தில் இருக்கும் தொலைபேசிக் கருவிகளுக்கு வைக்கும் பாட்டரிகள் சீக்கிரமே கெட்டுப்போயின. மாற்று என்ன என்று அவர் தேடினார். அதே ஆராய்ச்சிசாலையில் கெரால்ட் பியர்ஸனும் கால்வின் ஃபுல்லரும் சிலிக்கானோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். மூவரும் கூடினார்கள். 1954 ஏப்ரல் 25-ஆம் தேதி அவர்கள் செய்த தகடு உலகத்துக்குக் காட்டப்பட்டது. விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஆறு பங்கை அது மின்சாரமாக்கிற்று. ஒளியை அதன்மேல் பாய்ச்சி ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றிக் காட்டினார்கள்.

ஆக, இந்தத் தகடு பெரிய நகரங்களுக்கு வெளிச்சம் போடப் பிறந்தது அல்ல. வெயிலும் ஈரமும் உள்ள நாட்டில், கம்பி எட்டாத இடத்தில், 'ஹலோ' என்று ஒருவர் அழைத்தால் குரல் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகப் பிறந்தது. அட்ஹுந்தாஸில் கைப்பேசியும் கையுமாக வரிசையில் நின்றவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சாப்பினின் நினைவுதான் வந்தது.

ஆனால், அங்கிருந்து இங்கே வருவதற்கு அது எவ்வளவு சுற்றிற்று! ஒரு வீட்டுக்கு வேண்டிய தகடுகள் வாங்க 14 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்று சாப்பினே 1956-இல் கணக்குப் போட்டார். எந்தக் குடும்பஸ்தர் வாங்குவார்? பூமியில் வாங்க ஆள் இல்லாததால் தகடு ஆகாயத்துக்குப் போயிற்று. 1958 மார்ச்சில் வான்கார்ட் என்ற துணைக்கோள் ஆறு சிறு சூரியக் கலங்களைச் சுமந்து சென்றது. அதில் இருந்த பாட்டரி அந்த ஆண்டின் நடுவிலேயே அடங்கிவிட, சூரியக் கலங்கள் 1964 வரை பேசின. பிறகு 1970-களில் எலியட் பெர்மன் என்ற ரசாயன நிபுணர் மலிவான தகடு செய்தார். ஒரு வாட்டுக்கு நூறு டாலராக இருந்த விலை இருபது டாலராக இறங்கியது. அவருக்கு முதல் கொடுத்தது யார் தெரியுமா? ஓர் எண்ணெய்க் கம்பெனி! கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடைகளில் எச்சரிக்கை விளக்கு எரிக்க அவர்களுக்கே அது தேவைப்பட்டது. மண்ணெண்ணெய் விளக்கை ஓய்வுக்கு அனுப்பப்போகும் பொருளை எண்ணெய்க்காரர்களே பால் ஊட்டி வளர்த்தார்கள் என்றால், சரித்திரத்துக்கும் நகைச்சுவை உண்டு என்றுதானே சொல்லவேண்டும்?

இவ்வளவு சொன்னபின், கூரையில் தகடு இருந்தால் போதும், புயலை ஜெயித்துவிடலாம் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. மரியாவின்போது உமாக்காவோ என்ற ஊரில் இருந்த பெரிய சூரிய மின் நிலையம் காற்றில் சிதைந்துபோயிற்று. பரந்து கிடப்பதைப் புயல் கம்பமா தகடா என்று பார்ப்பதில்லை. இன்னொரு விஷயம், தகடு வைத்திருப்பவர்களில் பலருக்கே தெரியாது. தெருக் கம்பியோடு இணைத்த தகடுகள், பாட்டரியும் அதற்குரிய அமைப்பும் இல்லாவிட்டால், தெருவில் மின்சாரம் நின்றதும் தாமும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கிறவனை வீட்டிலிருந்து திரும்பி ஓடும் மின்சாரம் கொன்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஏற்பாடு நியாயமானதுதான். ஆனாலும், கூரைமேல் வெயில் கொளுத்த, கூரைக்குக் கீழே மெழுகுவத்தியைத் தேடும் நிலைமை அதனால் வருகிறது.

இங்கேதான் மடித்து எடுத்துப்போகும் சின்னத் தகட்டின் பெருமை. புயல் வருகிறது என்றால் அதைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிடலாம். புயல் போனபின் எடுத்து முற்றத்தில் விரிக்கலாம். பெரும்பாலான புயல்களுக்குப் பின் இரண்டொரு நாளில் வானம் வெளுத்துவிடுகிறது. 100 வாட் தகடு ஒன்றை நல்ல வெயிலில், சூரியனை நோக்கிச் சாய்த்து, நிழல் படாமல் வைத்தால், ஒரு பகலில் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் கிடைக்கும். பாட்டரியில் அதைச் சேர்த்து வைத்தால் இரவில் மூன்று சிறு விளக்குகள் எரியும். நான்கு கைப்பேசிகளுக்கு உயிர் வரும். வானொலிப் பெட்டி பேசும். ஒரு சின்ன விசிறி சில மணி நேரம் சுற்றும். அவ்வளவுதான். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை ஓட்ட அது போதாது. மோட்டாருக்கும் மிக்ஸிக்கும் ஆசைப்படவே கூடாது. வானம் மூடியிருந்தால் கிடைப்பது நான்கில் ஒரு பங்குகூட இராது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாலும், ஒரு மூலையில் துணிக்கொடியின் நிழல் விழுந்தாலும், அது முகத்தைச் சுளித்துக்கொள்ளும். ஆனால், பெட்ரோல் ஜெனரேட்டரைப் போல அதற்கு எண்ணெய் தேடி வரிசையில் நிற்க வேண்டாம். மூடிய அறையில் விஷப் புகை கக்கி உறங்குகிறவர்களைக் கொல்லவும் கொல்லாது.

2022 செப்டம்பரில் ஃபியோனா என்ற புயல் போர்ட்டோ ரிக்கோவுக்கு வந்தது. மரியாவோடு ஒப்பிட்டால் சாதாரணப் புயல். அதற்கே தீவு முழுவதும் மறுபடி இருண்டது. மக்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. இந்தத் தடவை அது தனி விளக்கு அல்ல; ஐந்து வருஷத்தில் அட்ஹுந்தாஸின் எத்தனையோ வீடுகளும் கடைகளும் சொந்தத் தகடுகளோடு விழித்திருந்தன. 2023 மார்ச்சில் ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகளைச் சூரிய மின்வலையில் சேர்த்து விழா கொண்டாடினார்கள். தீவுக்கு ஆகாவிட்டாலும், ஊருக்கு ஆயிற்று.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் சும்மா இருப்பேனா? மடிக்கும் தகடு ஒன்றும் பாட்டரிப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். வாங்கிய அன்று வீட்டாரைக் கூப்பிட்டு ஒரு சொற்பொழிவே செய்தேன். பிறகு அட்டைப் பெட்டியோடு பரணில் ஏற்றினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியபோது, எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. நான் வெற்றிப் புன்னகையோடு பரணில் ஏறி இறங்கினேன். பாட்டரிப் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். அது கண்ணையே திறக்கவில்லை. எத்தனை மாதமாய் யாரும் அதற்குச் சக்தி ஊட்டாமல் கிடந்ததோ! வெளியே வானம் மூடிக் கிடந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் மெழுகுவத்தியை ஏற்றினாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான், ஐப்பசி பிறந்ததும் பாட்டி திரி நறுக்கியது ஞாபகம் வந்தது. அரிக்கேன் விளக்கும் சரி, சோலார் தகடும் சரி, புயல் அன்று மட்டும் எடுத்துக்கொள்ளும் பொருள் அல்ல. வருஷம் முழுவதும் அதை ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அட்ஹுந்தாஸ்காரர்கள் புயலுக்குப் பதினெட்டு வருஷம் முன்பே கூரையில் தகடு ஏற்றியதும் அந்தக் கவனம்தான்.

இரண்டு நாள் கழித்து வெயில் வந்தது. தகட்டை மொட்டைமாடியில் விரித்தேன். சாயங்காலம் பெட்டியில் பாதியளவு சக்தி ஏறியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போகத்தான் மாடிப்படி இறங்கினேன். முதல் மாடியில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். அவர் மகன் வெளிநாட்டில். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அடங்கிப்போன கைப்பேசியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "பையன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருப்பான் சார்" என்றார்.

பெட்டியை அங்கேயே, படிக்கட்டு முகப்பில் வைத்தேன். விளக்கையும் அங்கேயே மாட்டினேன். சற்று நேரத்தில் மற்றக் கதவுகளும் திறந்தன.